பத்தாம் வகுப்புக்குப் பிறகு வண்டி வேலை: பட்டறையா, ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் என் அக்கா மகன் பட்டறைக்கு வந்து நின்றான். "மாமா, எனக்கு வண்டி வேலைதான் வேண்டும். நாளையிலிருந்து இங்கேயே வந்துவிடட்டுமா, ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போடட்டுமா?" என்று கேட்டான். அக்காவுக்கு அவன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்க வேண்டும் என்ற ஆசை. மச்சானுக்கு வேறு எண்ணம். "நீ பட்டறையில்தானே கற்றாய், உனக்கு என்ன குறைந்துவிட்டது? கூடவே வைத்துக்கொள்" என்கிறார்.

மச்சான் சொல்வது பாதி உண்மை. 1991-ல், பதினாறு வயதில், நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில்தான் நான் ஸ்பேனர் பிடித்தேன். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு என்னைவிட இளைய பையன்களோடு ஐ.டி.ஐ. பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன், ஓராண்டு தொழிற்பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாக இருந்தேன், ஒரு சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்ற மீதிப் பாதியை அவர் மறந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால், அவனுக்குச் சொன்னதையே இதே கேள்வியோடு நிற்கும் மற்ற வீடுகளுக்காகவும் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில், இரண்டாண்டு 'கம்மியர் (மெக்கானிக்) மோட்டார் வாகனம்' பிரிவு, அதன்பின் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி. விடுமுறை நாட்களில் பட்டறை. சில குடும்பங்களுக்கு இது பொருந்தாது. அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் பட்டறை. அங்கே கிடைப்பதை எந்த வகுப்பறையும் தர முடியாது என்று நான் இன்றும் நம்புகிறேன். முதல் ஆண்டு முழுக்கப் பாகங்களை டீசலில் கழுவுவதுதான் வேலை. அந்தக் கழுவலில்தான் எது எங்கே உட்காரும், எது எப்படித் தேயும் என்று கண் பழகுகிறது. துருப்பிடித்த போல்ட்டைத் திருகும்போது அது இளகப் போகிறதா, முறியப் போகிறதா என்பது மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் சத்தம் போடுகிறது என்று என் மேஸ்திரி சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். அவர் எனக்கு ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. பக்கத்தில் நிற்க விட்டார், தவறு செய்ய விட்டார், அவ்வளவுதான். கையில் உள்ள இந்தத் தொழிலுக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் அவர் வேலை பார்த்த லாரி இன்று சாலையில் அரிதாகிவிட்டது. வண்டிப் புகைக்கு அரசு வைக்கும் வரம்புக்கு பாரத் ஸ்டேஜ், சுருக்கமாக பி.எஸ்., என்று பெயர். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. நடுவில் ஒரு படியை அரசு தாண்டியே விட்டது. அந்த மூன்றாண்டுகளில் தொழிலே மாறிப்போனது. இப்போதைய டீசல் வண்டியில் எரிபொருள், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காமன் ரெயில் என்ற குழாயில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்கிறது. புகையைச் சுத்தப்படுத்தப் புகைப்போக்கியில் வடிகட்டி இருக்கிறது, யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு இருக்கிறது, அவற்றைக் கண்காணிக்க வரிசையாக சென்சார்கள் இருக்கின்றன.

ஒரு லாரி ஏற்றத்தில் இழுக்காமல், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிய வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கை என்ன செய்யும்? ஃபில்டரை மாற்றும், நாசிலைக் கழற்றும். இன்றைய வண்டியில் காரணம், வயர் கனெக்டரின் ஒரு முனையில் பிடித்த பச்சைத் துருவாக இருக்கலாம். பல பிரஷர் சென்சார்களில் மூன்று வயர்கள் வரும். ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். இதைத் தெரிந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பவன் பத்து நிமிடத்தில் வயரைச் சரிசெய்து அனுப்புவான். தெரியாதவன் முதலில் சென்சாரை மாற்றுவான், அது சரிவராமல் பம்ப்பை மாற்றுவான். ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தாலும் பயனில்லை. ஸ்கேனர் பிழை எண்ணைக் காட்டும். காரணத்தைத் தேடிப் போக வேண்டியது மனிதன்தான். இப்படி ஊகத்தில் மாற்றிய பாகங்களுக்குப் பணம் கட்டி, வாகனக் கடன் தவணையும் கட்ட முடியாமல் நின்ற ஒற்றை லாரிக்காரர்களை எனக்குத் தெரியும். ஆகவே, மின்சுற்று வரைபடத்தை வாசிக்கத் தெரியாத ஒரு பையனை இனி மெக்கானிக் என்று வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் மட்டும் கற்றால் இந்த ஒன்று வருவது மிகவும் கடினம், ஏனென்றால் கற்றுத்தர வேண்டியவருக்கே நேரம் இருப்பதில்லை, பல இடங்களில் அறிவும் இருப்பதில்லை.

இன்னொரு குறை, காகிதம். பட்டறையில் நான்கு ஆண்டு உழைத்தால் அதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடைக்காது. போக்குவரத்துக் கழகத்துக்கோ, ரயில்வேக்கோ, வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்க உட்காரும்போதுதான் அந்த வெறுமை தெரியும். எனக்கு அது தெரிந்தபோது இருபது வயது.

இனி ஐ.டி.ஐ. பதினான்கு வயது நிரம்பியவர்கள் சேரலாம். கம்மியர் மோட்டார் வாகனப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த மாணவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். மாணவிகளுக்கு அதேபோல் புதுமைப் பெண் திட்டம். பெண் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடை தூக்க லிஃப்டும் கிரேனும் வந்துவிட்டன. இன்றைய வேலையில் பெரும் பங்கு பொறுமையாகச் சோதிப்பதுதான், அதற்கு ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது.

சேர்ந்த புதிதில் அரத்தால் இரும்பைத் தேய்க்க வைப்பார்கள். அளந்து, கோடு போட்டு, அறுத்து, துளையிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். வண்டியைத் தொட வந்த பையன்களுக்கு இது பிடிப்பதில்லை, பாதிப் பேர் அந்த மாதங்களில்தான் வகுப்பைத் தவிர்க்கத் தொடங்குகிறார்கள். பட்டறையில் நான்கு ஆண்டு கழித்துப் போன எனக்கே சலிப்பாக இருந்தது. ஆனால் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் நான் அங்கேதான் ஒழுங்காகக் கற்றேன். கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிச் சொன்னவன், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எண்ணில் சொல்லத் தொடங்கியது அந்த பெஞ்சில்தான். போல்ட்டைக் குறித்த அளவு இறுக்கும் டார்க் ரெஞ்ச் என்ற கருவி எதற்கு இருக்கிறது என்பதும் அங்கே போனபிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளைத் தோள் வலுவை நம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. ஒரு வகுப்பில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் சுற்றி நிற்க, நடுவே ஒரே ஒரு இன்ஜின். பிரித்துப் பிரித்துத் திருகுமரைகள் தேய்ந்துபோன இன்ஜினாகவும் அது இருக்கும். முன்னால் நிற்பவன் கற்கிறான், பின்னால் நிற்பவன் பார்க்கிறான். அண்மைக் காலத்தில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தமிழ்நாடு அரசு மேம்படுத்தியிருக்கிறது. மின்வாகனம் சார்ந்த கருவிகள் சில இடங்களுக்கு வந்திருக்கின்றன. உங்கள் ஊர் நிலையம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதைவிட நேரில் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகும் இன்ஜின் எத்தனை இருக்கிறது, ஸ்கேனர் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறதா, மாணவர் கையில் இருக்கிறதா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். தனியார் நிலையம் என்றால் இன்னொரு கேள்வி: நீங்கள் சேரும் அதே பிரிவுக்கு மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககத்தின் (டி.ஜி.டி.) அங்கீகாரம், முன்பு என்.சி.வி.டி. அங்கீகாரம் என்று சொன்னது, இருக்கிறதா? நிலையத்துக்கு அங்கீகாரம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பிரிவுவாரியாகக் கேட்க வேண்டும்.

ஓராண்டில் முடிகிற கம்மியர் டீசல் பிரிவும் இருக்கிறது. வீட்டில் வருமானம் உடனே வேண்டும், இரண்டாண்டு தாங்காது என்றால் இது நல்ல வழி. டீசல் இன்ஜினைத்தான் பெரும்பகுதி கற்பார்கள். டிராக்டர், ஜெனரேட்டர், திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் என்று எங்கள் வட்டாரத்தில் அதற்கு வேலை இருக்கிறது. கார் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும் என்றால் இரண்டாண்டுப் பிரிவே பொருத்தம். பிரேக், ஸ்டீயரிங், கியர் பெட்டி, மின்சாரம் எல்லாம் அதில்தான் விரிவாக வருகின்றன. இருசக்கர வாகனப் பிரிவு, சொந்தமாக பைக் கடை வைக்கும் எண்ணம் உறுதியாக உள்ளவர்களுக்கு.

மின்வாகன மெக்கானிக் என்று இரண்டாண்டுப் பிரிவு புதிதாக வந்திருக்கிறது. அக்கா மகன் முதலில் அதைத்தான் கேட்டான். சென்னை, கோவை, ஓசூர் போன்ற இடங்களில் இருப்பவன் என்றால் நானும் சேர் என்றே சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் பட்டறை வாசலில் நிற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்னும் டீசலும் பெட்ரோலும்தான். மோட்டார் வாகனப் பிரிவில் மின்சாரத்தை ஒழுங்காகக் கற்றவன் பிறகு மின்வாகனத்துக்கு மாறுவது எளிது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மின் கார்களில் ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம் ஓடுவது. ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் அதில் இருக்கிறது. பயிற்சியும் கையுறையும் இல்லாமல் யார் சொன்னாலும் அதைத் தொடக் கூடாது.

அக்காவின் ஆசைக்கு வருகிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ மூன்றாண்டு. கணக்கும் வரைபடமும் அதிகம், ஸ்பேனர் குறைவு. முடித்தவர்கள் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளரிடம் பேசும் சர்வீஸ் அட்வைசராகவோ, மேற்பார்வையாளராகவோ போகிறார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு இந்த டிப்ளமோ அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ தேவை. அதோடு பட்டறை அனுபவமும் கனரக வாகன உரிமமும் வேண்டும். அந்த நாற்காலியில் கண் வைத்த பையன் தயங்காமல் பாலிடெக்னிக்கில் சேரட்டும். ஆனால் எங்கள் பையனுக்குக் கணக்கில் 43 மதிப்பெண். மூன்றாண்டு அரியரோடு போராடி, கடைசியில் டிப்ளமோவும் இல்லாமல், கைத்தொழிலும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இன்று ஐ.டி.ஐ. என்று முடிவெடுத்தால் டிப்ளமோவின் கதவு மூடிவிடுவதில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு அதே கணக்கு அவனுக்குப் புரியவும் வாய்ப்பு அதிகம்.

தொழிற்பழகுநர் பயிற்சியைப் பற்றித்தான் வீடுகளில் மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒரு சட்டமே இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000. அதற்குக் கீழே தரக் கூடாது. 2016-ல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசும் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஏற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி வெற்றி பெற்றால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். ஐ.டி.ஐ. சான்றிதழும் இதுவும் சேர்ந்து கையில் இருந்தால் அந்தப் பையனின் எடையே வேறு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குக்கூட டீசல், மோட்டார் வாகனப் பிரிவு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.

பத்தாம் வகுப்போடு நேராகவும் தொழிற்பழகுநராகச் சேரலாம். அடிப்படைப் பயிற்சியும் சேர்வதால் காலம் நீளும், அவ்வளவுதான். எனக்குப் பயம் வேறு. 'பயிற்சிக்கு ஆள் தேவை' என்று பலகை வைக்கும் இடமெல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் பயிற்சி தரும் இடம் அல்ல. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு கார் ஷோரூமில் அப்படிச் சேர்ந்தான். பதினொரு மாதம் வாட்டர் வாஷ் பகுதியிலேயே நின்றான். டயர் கழற்றியதைத் தவிர வேறு எதையும் அவன் தொடவில்லை. வெளியே வந்தபோது சான்றிதழ் கேட்டான். ஒப்பந்தமே பதிவாகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பதினொரு மாதத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே சேரும் முன் மூன்று கேள்விகளை வாய்விட்டுக் கேட்க வேண்டும். மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகுமா, அதன் எண்ணை எப்போது தருவீர்கள்? உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருமா? எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை வாரம் வைப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஃபோர்மேன் இருக்கும் இடமே நல்ல இடம். மற்ற இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்து இதற்கு மட்டும் மழுப்பினால், நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை என்பதையும் முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம், மச்சான் அதைத்தான் கேட்டார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் புதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை தருகிறார்கள். மாதம் 26 நாள் என்றால் 6,500. ஐ.டி.ஐ.யில் வருகைப்பதிவு ஒழுங்காக இருந்தால் 750-ம் 1,000-மும் சேர்த்து 1,750. இரண்டாண்டுக்கு மாதா மாதம் 4,750 ரூபாய் இழப்பு, மொத்தம் 1,14,000. சிறிய தொகை அல்ல. அதனால்தான் விடுமுறை நாட்களில் பட்டறைக்கு வரச் சொல்கிறேன். கொஞ்சம் ஈடாகும், வகுப்பில் பின்வரிசையில் நின்று பார்த்ததை இங்கே கையால் செய்தும் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு தொழிற்பழகுநர் உதவித்தொகை பட்டறைக் கூலியைத் தாண்டிவிடுகிறது. அதன்பின் சான்றிதழ் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் சம்பள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலும். என்னோடு பட்டறையில் இருந்த மூவரில் இருவர் இன்றும் நாள் கூலிக்குத்தான் வேலை செய்கிறார்கள். கைத்திறனில் அவர்கள் என்னைவிட மேலானவர்கள்.

விண்ணப்பம் போட்டபின் வகுப்பு தொடங்க நடுவில் சில வாரங்கள் இருக்கின்றன. அவற்றை வீணாக்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். 0.20 மில்லிமீட்டர் பெரிதா 0.05 பெரிதா என்று கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும், வால்வு இடைவெளி வைக்க அது தேவை. வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றுக்கும் உள்ள உறவைப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே மறுபடி படிக்க வேண்டும். விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பழைய பேட்டரி, ஒரு பல்பு, ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே தந்து, பல்பை எரியவைத்து ஒவ்வோர் இடத்திலும் எத்தனை வோல்ட் என்று நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். சர்வீஸ் மேனுவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று பாகங்களின் பெயரை எழுத்துக் கூட்டிக் கற்றால் போதும். கண் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். வயர்களின் நிறம் பிரித்தறிய முடியாவிட்டால் இப்போதே தெரிவது நல்லது. பதினெட்டு முடிந்ததும் கார் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட வேண்டும். பழுது பார்த்த வண்டியைத் தானே ஓட்டிப் பார்க்காத மெக்கானிக் பாதி வேலைதான் செய்கிறான். அதுவரை பட்டறை வாசலில்கூட வண்டியை நகர்த்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பாதுகாப்புக்கு இரண்டே விதிகள் சொன்னேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, தள்ளிப் பார்த்து, அதன்பின்தான் போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது காமன் ரெயில் குழாயைக் கழற்றக் கூடாது, அந்த அழுத்தத்தில் தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். என் சுண்டு விரல் நுனி ஏன் இல்லை என்று அவன் சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். ஓடும் இன்ஜினின் ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை வைத்த கதையை இந்த முறைதான் முழுதாகச் சொன்னேன்.

நேற்று மாலை பல்பு எரியும் சுற்றில் ஒரு கனெக்டரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டு, ஏன் மங்கலாக எரிகிறது, கண்டுபிடி என்றேன். முதலில் பல்பை மாற்றினான். பிறகு பேட்டரியைப் பார்த்தான். அதன்பின் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வோர் இணைப்பாக அளந்துகொண்டே வந்தான். நாற்பது நிமிடம் ஆயிற்று. அக்கா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் அவன் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மச்சானும் எங்களோடு ஐ.டி.ஐ.க்கு வருகிறார்.